நாற்காலி, ஒன்று

காற்று வெறிபிடிக்கும் நாட்களில்
புன்டா அரீனாஸின் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
அதைப் பிடித்துக்கொண்டு வந்தாள் நெல்டா பார்ரியா,
ஒரு கை கயிற்றில், ஒரு கை இடுப்பில்.
இரவு மணி ஒன்றே கால். ஊரில் திறந்திருந்தது
என் மருந்துக்கடையின் சின்ன ஜன்னல் மட்டும்.
கதவைத் திறந்தால் சீட்டெல்லாம் பறக்கும்.
திறந்தேன். பறந்தன.

"இபுப்ரொஃபென். அறுநூறு."
ரொட்டி கேட்கிற குரல்.
யாருக்கு என்றேன்.
புருஷனுக்கு.
அவள் மேல்கோட்டின் நடுப்பொத்தான்
துளையை எட்டிப் பல நாளாகியிருக்கும்.
இருபத்தொன்பது வாரம் என்று கடைசியில் சொன்னாள்,
சுங்கச்சாவடியில் பையைத் திறந்து காட்டுகிறவளைப் போல.

என் வேலையில் பாதி, இல்லை என்பது.
இது இப்போது வேண்டாம், என்றேன்.
குழந்தையின் இதயத்தருகே ஒரு குழாய் உண்டு,
பிறந்த பிறகு மூடிக்கொள்ள வேண்டியது.
இந்த மாத்திரை அவசரக்காரன்;
உள்ளே இருக்கும்போதே அதை இறுக்கப் பார்ப்பான்.
பனிக்குடத்து நீரையும் வற்றவைப்பான்.
ஆஸ்பிரின்?
மருத்துவர் எழுதித் தராமல் கூடாது.
நாத்தனார் கொடுத்த களிம்பு?
குழாயைத் திருப்பிப் படித்தேன்.
அதே குடும்பம், வேறு சட்டை.
"அப்போ வலியையே தின்னச் சொல்றீங்களா?"
கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. காற்றாகவும் இருக்கலாம்.

உட்காரவைத்துக் கேட்டேன்.
தலைவலி? கண்ணில் மின்னல்?
விலா எலும்புக்கடியில் குத்தல்?
வயிறு விட்டுவிட்டு இறுகுகிறதா?
ரத்தம்? காய்ச்சல்? சிறுநீரில் எரிச்சல்?
இதில் ஒன்றுக்கு ஆம் என்றிருந்தாலும்
டாக்சியைக் கூப்பிட்டு மருத்துவமனைக்கு அனுப்பியிருப்பேன்.
இல்லை, இல்லை, இல்லை.
கையில் பட்டையைச் சுற்றினேன்:
நூற்றுப் பதினான்குக்கு எழுபத்திரண்டு.
அந்த இரவில் நான் படித்த நல்ல வரி அதுதான்.

பாராசிட்டமால் கொடுத்தேன்.
குறைந்த அளவு, குறைந்த நாள்,
திங்களன்று மருத்துவச்சியைப் பார்க்கும்வரை;
எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒருமுறை என்பதைப்
பெட்டிமேல் பெரிதாக எழுதினேன்.
கோதுமை நிரப்பிய துணிப்பை ஒன்று கொடுத்தேன்,
இளஞ்சூட்டில், முதுகுக்கு மட்டும்.
ஒருக்களித்துப் படு, முழங்கால்களுக்கு நடுவே தலையணை.
தலையாட்டிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"படுக்கிறப்ப வலிக்கலை. நிக்கிறப்பதான்."

நண்டுத் தொழிற்சாலை. ஈரத் தரை, ரப்பர் பூட்ஸ்.
எட்டு மணி நேரம் நின்றபடி
சென்டோயா நண்டின் கால்களை உடைத்துச் சதை எடுக்கிறாள்.
உட்கார வேண்டுமென்றால் காகிதம் கொண்டுவா என்கிறார் மேஸ்திரி.

முப்பத்தொரு வருடமாக
மற்றவர்கள் கிறுக்கியதைப் படித்தே பிழைக்கிறேன்.
மருந்துச்சீட்டு எழுத எனக்கு உரிமையில்லை.
ஆனால் நாற்காலி மருந்தல்லவே.
கடைப் பெயர் அச்சிட்ட தாளில் எழுதினேன்:

நாற்காலி, ஒன்று. முதுகுச் சாய்வுடன்.
வேலை நேரம் முழுவதும்.
பிரசவம்வரை.

முத்திரையை இரண்டு முறை குத்தினேன்,
ஒன்று தெளிவாக விழவில்லை என்பதால்.

மூன்று வாரம் கழித்துப் பகலில் வந்தாள், காற்றில்லாத நாள்.
மருத்துவச்சி என் தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டு
அடியில் தன் கையெழுத்தையும் போட்டாளாம்.
மேஸ்திரி ஓயார்சோ அதை ஜன்னல் வெளிச்சத்தில்
கள்ளநோட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தாராம்.
பிறகு உணவுக்கூடத்திலிருந்து அவரே தூக்கிவந்தாராம்.
ஒரு கால் குட்டை.
மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த அந்த நீளத் துண்டறிக்கையை,
எச்சரிக்கைகள் எல்லாம் உள்ளே போகும்படி
எட்டாக மடித்து அடியில் கொடுத்திருக்கிறாள்.
இப்போது ஆடுவதில்லை.

வலி? என்றேன்.

"இருக்கு," என்றாள்.
"அதுவும் உட்கார்ந்திருக்கு."